இரண்டாம் நாள் காலை படி இறங்க முடிகிறதா?

கேள்வி: எனக்கு 47 வயது. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஒரு வருடமாகத் தினமும் காலையில் 5 கி.மீ. நடக்கிறேன், ஒரு மணி நேரம் ஆகும். போன மாதம் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்களோடு முதல்முறையாக ஒரு மலைப்பாதைக்குப் போனேன். 14 கி.மீ. தூரம், 800 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஏழு மணி நேரம் ஆனது. ஏறும்போது சமாளித்துவிட்டேன். இறங்கும்போது தொடை நடுங்க ஆரம்பித்தது, முட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தேன். "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று கூட வந்த பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். வீட்டுக்கு வந்தால் தலைவலி. மூன்று நாள் படி இறங்க முடியவில்லை, இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டது. இந்த நிலையில் என் கல்லூரித் தோழிகள் நான்கு பேர் அடுத்த கோடையில் ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி 11 நாள் நடக்கப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார் கணவர். என் மூட்டு போய்விட்டதா? பத்து மாதத்தில் தயாராக முடியுமா? என்ன ஷூ வாங்குவது? கடைசியாக ஒன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் அன்று நான் அநேகமாகத் தண்ணீரே குடிக்கவில்லை. மற்ற பெண்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்:

அன்புத் தோழிக்கு,

கூச்சத்தோடு கடைசியில் கேட்டீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதினெட்டு வருடமாக மலைப்பாதைகளில் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மதியத்துக்கு மேல் முகம் வாடி, தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் காலையில் நிரப்பினது நிரப்பினபடியே இருக்கும். உங்கள் தலைவலிக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். கால் அவ்வளவு சீக்கிரம் சோர்ந்ததிலும் இதற்குக் கொஞ்சம் பங்கு இருக்கும்.

மிதமான வேகத்தில் நடக்கிறவருக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயில் ஏறினால் இன்னும் கூடும். ஏழு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்ளவும் கூடாது, ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது தனி ஆபத்து. உப்பு சேர்ந்த ஏதாவது கொறித்துக்கொண்டே தாகம் எடுக்க எடுக்கக் குடியுங்கள்.

சரி, குடித்தால் போயாக வேண்டுமே. என் குழுக்களில் கிளம்பும்போதே ஒரு விதி சொல்லிவிடுவேன்: ஒதுங்கப் போகிறவர் தன் முதுகுப்பையைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பை கிடந்தால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பைக்கு உரியவர் திரும்பி வராமல் குழு நகரக் கூடாது. இது ஒன்றே போதும், யாரும் யாரிடமும் காதோடு காது சொல்ல வேண்டியதில்லை. பாதையிலிருந்தும் ஓடை, குளம் எதுவானாலும் அதிலிருந்தும் ஒரு 60 மீட்டர், சுமாராக எண்பது காலடி, தள்ளிப் போங்கள். மரமோ பாறையோ இல்லாத திறந்த புல்வெளி என்றால் தோழி ஒருத்தி மழைக்கோட்டை விரித்துப் பிடித்தால் போதும். நின்றபடியே போக உதவும் சிலிக்கோன் புனல் கிடைக்கிறது. எனக்கு அது பிடிக்கும், ஆனால் மலையில்தான் முதல்முறை முயல்வேன் என்று இருக்காதீர்கள், வீட்டுக் குளியலறையில் நாலைந்து முறை பழகிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பேன்ட் நனைந்ததுதான் மிச்சம். பெரிய வேலை என்றால் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். காகிதம், நாப்கின் எதையும் புதைக்கவோ எறியவோ கூடாது, ஜிப் வைத்த பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், விலங்குகள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடும். மோன் பிளாங் சுற்றில் பெரும்பாலான நாட்களில் வழியில் ஏதாவது ஒரு மலைவிடுதி வந்துவிடும், அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது உங்களுடைய ஏழு மணி நேரம். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் அதுதான் அடிப்படை: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்குப் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடம், ஆக 4 மணி 8 நிமிடம். அதுவும் பழகின காலுக்கு, நல்ல பாதையில், எங்கும் நிற்காமல். உட்காருவது, சாப்பிடுவது, போட்டோ எடுப்பது, வழி தேடுவது எதுவும் அதில் சேர்த்தி இல்லை. முதல்முறை வருகிறவர்களுக்கு நான் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்வேன், ஆறேகால் மணி நேரம் வருகிறது. நீங்கள் தண்ணீர் குடிக்காமல், கால் நடுங்க, ஏழு மணி நேரத்தில் வந்திருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தப்பு உங்கள் காலில் இல்லை, மூன்று மணி நேரம் என்று போட்ட கணக்கில்தான். பூங்காவில் போடும் கணக்கு மலையில் செல்லாது. சும்மா ஊர்ப்புறத்தில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்குவதாக இருந்தாலும் இனிமேல் கி.மீ.யை மட்டும் பார்க்காமல் ஏற்றம் எத்தனை மீட்டர் என்று சேர்த்துப் பாருங்கள்.

இதே கணக்கை இப்போது உங்கள் தோழிகளின் திட்டத்துக்குப் போடுகிறேன், கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மோன் பிளாங் சுற்று பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகளைத் தொட்டுப் போகிற சுமார் 170 கி.மீ. பாதை. மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்கிற வட்டம் என்பதால் இறக்கமும் அதே 10,000 மீட்டர். பதினொன்றால் வகுத்தால் நாளுக்குப் பதினைந்தரை கி.மீ., 900 மீட்டர் ஏற்றம், 900 மீட்டர் இறக்கம். அதாவது உங்களை மூன்று நாள் முடக்கிப் போட்டதே ஒரு நாள், அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, பதினோரு முறை, இடையில் அந்த மூன்று நாள் ஓய்வு இல்லாமல்.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாள் நடப்பது உங்களால் முடியும், அதை முடித்துக் காட்டிவிட்டீர்கள். முடியாமல் போனது மறுநாள்தான். நீண்ட தூரப் பாதைக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் "ஒரே நாளில் 25 கி.மீ. நடந்திருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: நடந்த மறுநாள் காலை கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடிந்ததா? நீண்ட பாதை என்பது அந்த மறுநாள் காலைதான், திரும்பத் திரும்ப வரும். உங்கள் பத்து மாதப் பயிற்சி முழுக்க இந்தக் கேள்விக்காகத்தான் இருக்க வேண்டும்.

மூட்டு விஷயம். நான் வழிகாட்டி, மருத்துவர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வலியை எனக்கு நன்றாகத் தெரியும். முட்டிக்கு மேலே தொடையின் முன்பக்கம், இறங்கும்போது நடுக்கம், அடுத்த இரண்டு மூன்று நாள் உச்சம், அப்புறம் தானாகப் போய்விடுகிறது என்றால் அது அநேகமாகத் தசை வலி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, ஒவ்வோர் எட்டுக்கும் உடம்பும் பையும் சேர்ந்து அதன்மேல் இறங்குகின்றன. இப்படி நீண்டபடியே பாரம் தாங்கும்போதுதான் தசையில் நுண்ணிய சேதம் அதிகம். அதன் வலியும் உடனே தெரியாது, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் அதுதான் கஷ்டமான பாதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இறக்கத்தில் மூச்சு சீராக இருக்கும், பேசிக்கொண்டே வேகமாக இறங்குவோம், பில் மறுநாள் வரும். முட்டி வீங்கியிருந்தாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று கால் மடங்கினாலோ, இரண்டு வாரம் தாண்டியும் வலி விடாவிட்டாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

நல்ல செய்தியும் இதே தசையில்தான் இருக்கிறது. ஒருமுறை இறக்கத்தில் அடிவாங்கின தசை அடுத்த முறை அதே இறக்கத்துக்கு அவ்வளவு வலிக்காது, உடம்பு கற்றுக்கொண்டுவிடும், அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். ஆனால் அதை ஏற்றத்தாலோ பூங்கா நடையாலோ சம்பாதிக்க முடியாது, இறங்கித்தான் சம்பாதிக்க வேண்டும். அதனால் உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை: லிஃப்டில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். உடற்பயிற்சி என்றால் படி ஏறுவதுதான் என்று எல்லோரும் ஏறிவிட்டு, இறங்குவதற்கு லிஃப்ட்டைத் தேடுகிறார்கள், உங்கள் விஷயத்தில் அது நேர்த் தலைகீழ். வாரத்துக்கு மூன்று நாள், முதலில் ஐந்தாறு மாடி, ஒவ்வொரு படிக்கும் மெதுவாக, காலைத் 'தொப்' என்று போடாமல், ஒன்று இரண்டு மூன்று எண்ணி இறக்குங்கள். இரண்டு மாதத்தில் இருபது மாடி வரை கொண்டுபோகலாம். அது சுலபமாகிவிட்டது என்றால் முதுகில் பையை மாட்டிக்கொள்ளுங்கள்.

காலை நடையை விடவேண்டாம், ஆனால் அதை நம்பியும் இருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது உண்மையான மேடு பள்ளம் உள்ள பாதைக்குப் போங்கள், முதல் இரண்டு மாதம் 300, 400 மீட்டர் ஏற்றம் போதும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள், தூரத்தைக் கூட்டுகிற வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள். ஐந்தாவது மாதம் வாக்கில் சனி ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடக்க ஆரம்பியுங்கள். சனிக்கிழமை நடை சாதாரணம், ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை. பலர் சனிக்கிழமை உற்சாகத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு ஞாயிறு காலை வாசல் வரைகூட வரமாட்டார்கள், பரவாயில்லை, ஒருமுறை அப்படி ஆனால்தான் மறுநாளுக்கு என்று எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று காலுக்குப் புரியும். ஏழாவது மாத முடிவுக்குள் தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 14, 15 கி.மீ., 800 மீட்டருக்குக் குறையாத ஏற்ற இறக்கம், எடுத்துப்போகப் போகிற அதே பை, அதே ஷூ. நான்காம் நாள் காலை எழுந்து படி இறங்கிப் பாருங்கள். கால் கனமாக இருக்கலாம், இறுக்கமாக இருக்கலாம், அதெல்லாம் இருக்கும். கைப்பிடி தேவைப்படாவிட்டால் நீங்கள் ஆல்ப்ஸுக்குப் போகலாம்.

இறங்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். பயத்தில் எல்லோரும் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி, குதிகாலை ஊன்றி இறங்குவார்கள். வழுக்குவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது, முட்டிக்கும் அடி நேராகப் போய்ச் சேரும். எட்டைச் சின்னதாக்குங்கள், முட்டி எப்போதும் லேசாக மடங்கி இருக்கட்டும், உடம்பு எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். உயரமான படி வந்தால் பக்கவாட்டாக இறங்குங்கள், உட்கார்ந்து இறங்கினாலும் யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. நடைக்கோல் இரண்டு வாங்கிவிடுங்கள். ஒன்று போதும் என்று கடையில் சொன்னாலும் இரண்டாக வாங்குங்கள். சமதளத்தில் கோலை ஊன்றினால் முழங்கை செங்கோணத்தில் இருக்க வேண்டும், இறக்கத்தில் ஐந்து, பத்து செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். காலை வைப்பதற்கு முன்னால் கோல் கீழே போய் நிற்க வேண்டும், அப்போதுதான் பாரத்தில் ஒரு பங்கைக் கையும் தோளும் வாங்கிக்கொள்ளும். வயதானவர்கள் வைத்துக்கொள்கிற பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் அநேகமாக இருபத்தைந்து வயதுக்காரர்கள், அவர்களிலும் பலர் மூன்றாவது நாளில் என்னுடையதைக் கடன் கேட்பார்கள்.

கடைசியாக வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குழு நடையில் ஓர் அநியாயம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வேகமானவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், மெதுவானவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு, தேவைப்படுகிறவருக்கு ஒன்றுமில்லை, ஏழு மணி நேரமும் இப்படியே போனால் கால் நடுங்காமல் என்ன செய்யும்? அது வழிநடத்தினவரின் தப்பு, உங்களுடையது இல்லை. மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும், அவர் வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்கிட வேண்டும். தோழிகளிடம் இதை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பதினோரு நாள் என்பது நட்பு முறிந்துபோக தாராளமான அவகாசம். உங்கள் வேகத்துக்கு அளவு, ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும். அதற்கு மேல் வேகம் என்றால் நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே செலவழிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஷூவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ்தான் வேண்டும் என்று இல்லை, பை இலகுவாக இருந்து பாதை ஒழுங்காக இருந்தால் அடிப்பிடிப்பு நன்றாக உள்ள குட்டை ஷூ போதும். உங்கள் நகம் கறுத்ததற்குக் காரணம், இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி விரல் ஷூவின் முனையில் ஆயிரக்கணக்கான முறை முட்டியது. அதனால் கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், நடக்கப் போகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையில் சரிவான பலகை இருந்தால் அதில், இல்லாவிட்டால் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள், விரல் முட்டினால் எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் வேண்டாம். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள், நகத்தைப் போகும் முந்தின நாள் இல்லாமல் இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளத்தைக் கொண்டுவரும், கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. காலில் ஓர் இடம் சூடாக உரசுகிற மாதிரி தெரிந்தால் அந்த நிமிடமே நில்லுங்கள், ஷூவைக் கழற்றி டேப் ஒட்டுங்கள். எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று இன்னும் அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் கொப்புளம், அது உங்களோடு ஒரு வாரம் கூட வரும்.

பையின் எடையைப் பொறுத்தவரை, இரவுக்கு மலைவிடுதியில் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கிற பாதை என்பதால் தண்ணீரோடு சேர்த்து ஏழு, எட்டு கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள். அதில் விடக்கூடாதது மழைக்கோட்டும் ஒரு கம்பளி மேலாடையும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும், கூடவே காற்றும் மழையும் சேர்ந்தால் கோடையிலேயே உடம்பு விறைத்துப்போகலாம், பனி விழ வேண்டிய அவசியமே இல்லை. கோடை மலையில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதனால்தான் விடியலிலேயே கிளம்பச் சொல்கிறோம். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் முகட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போங்கள்.

வழி தவறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் தலையிலேயே விழுந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் தனியாக ஒரு பாதையைப் பார்த்து வரப் போனேன். குறியீடு எதுவும் கண்ணில் படாமலே நாற்பது நிமிடம் நடந்தேன், திரும்பிப் போக மனசில்லை, எங்கேயாவது சேர்ந்துவிடும் என்ற வீம்பு. சேரவில்லை. தலைவிளக்கு வீட்டு மேசையில் இருந்தது. இருட்டில் கையும் காலுமாக ஊர்ந்து வந்து சேர்ந்தேன், அன்றைக்கு மழை பெய்யாதது என் அதிர்ஷ்டம். ஐரோப்பாவில் ஜி.ஆர். என்று அழைக்கப்படும் நீண்ட தூர நடைபாதைகளில் வெள்ளை, சிவப்பு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு இருந்தால் சரியான வழி, அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் தப்பான வழி. பத்து நிமிடம் எதுவுமே கண்ணில் படாவிட்டால் கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். தொலைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, சின்ன உள்ளூர் நடைகளிலேயே அதைப் பார்த்துப் பழகுங்கள். தப்பு செய்ய அதுதான் மலிவான இடம்.

போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சரி சொல்லுங்கள், ஆனால் பாதிக்குச் சரி சொல்லுங்கள். அந்தப் பாதைக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் காலம், விடுதிகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், அதனால் உங்கள் மூன்று நாள் பரீட்சை வரை முடிவைத் தள்ளிப்போட முடியாது. ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொண்டு இப்போதே பதிவு செய்யுங்கள். பரீட்சையில் தேறாவிட்டாலும் பயணம் வீணாகப் போகாது: அந்தச் சுற்று பல இடங்களில் ஊர்களுக்கு இறங்கி ஏறுகிறது, சில பகுதிகளைப் பஸ்ஸிலோ கேபிள் காரிலோ தாண்டிவிடலாம், பெரிய பையை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. பிரான்ஸின் ஷாமோனியில் ஆரம்பித்து இத்தாலியின் குர்மயோர் வரை பாதிச் சுற்றை நடந்துவிட்டு, மலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாகப் பஸ்ஸில் ஷாமோனிக்கே திரும்புகிறவர்கள் நிறைய பேர். தோழிகள் வட்டத்தை முடிக்கட்டும், நீங்கள் ஆறாவது நாள் காபி குடித்துக்கொண்டு மலையைப் பாருங்கள். என்னைக் கேட்டால், பதினோரு நாளும் வலியோடு தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தோழிகள் இடத்தை மாற்றத் தயாராக இருந்தால் ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே இருக்கிறது, 154 கி.மீ., ஏழெட்டு நாள், ஏற்றம் மோன் பிளாங் சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான். ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையின் முழு நீளம் 780 கி.மீ. போல, ஆனால் சரியா என்ற ஊரிலிருந்து கடைசி 115 கி.மீ. மட்டும் நடக்கிறவர்கள் ஏராளம், நூறு கி.மீ. நடந்தாலே யாத்திரைச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர் வரும், அதாவது கொஞ்ச தூரத்துக்கு ஒரு கழிப்பறை.

உங்கள் கணவருக்கு ஒரு கதை சொல்லுங்கள். எம்மா கேட்வுட் என்று ஒரு அமெரிக்கப் பாட்டி, பதினொரு பிள்ளைகளின் அம்மா. 1954-இல் அப்பலேசியன் பாதையை நடக்கலாம் என்று தனியாகக் கிளம்பினார், அது ஏறத்தாழ 3,500 கி.மீ. ஆரம்பத்திலேயே வழி தவறி, காட்டில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் மறுமுனையிலிருந்து மறுபடி கிளம்பி, கான்வாஸ் ஷூவும் தானே தைத்த ஒரு துணிப்பையுமாக முழுப் பாதையையும் முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. நான் இந்தக் கதையில் விரும்புவதே திரும்பி வந்த அந்த முதல் தடவையைத்தான்.

அப்புறம் அந்த நகங்கள். வலி குறையாமல் இருந்தாலோ, சிவந்து சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் பிடுங்க வேண்டாம், அடியில் புதுசு வளர வளரப் பழையது தானாக விழும். கட்டைவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும், அதனால் ஆல்ப்ஸுக்குப் போகிறபோதும் அது அரைகுறையாகத்தான் இருக்கும். காலையில் ஷூ போடுவதற்கு முன் இரண்டு கட்டைவிரலிலும் ஒரு சுற்று டேப் சுற்றிக்கொள்ளுங்கள், போதும்.